முப்பத்திமூன்றில் ஓடிய நீலத் தட்டு

ஏணியின் மேல்படியில் நின்றுகொண்டிருந்தேன். பல்லிடுக்கில் கட்டுக்கம்பி, இடது கையில் குழாய் ஸ்பீக்கர். மாரண்டஹள்ளியில் ஒரு கல்யாண மண்டபம். மறுநாள் முகூர்த்தம். வாசல் வேப்பமரத்தில் குழாயைக் கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் சட்டைப்பையில் போன் அடித்தது.

எடுத்துத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டேன். பேசியது கோபி. தருமபுரியில் பிளெக்ஸ் போர்டு அடிக்கும் கடை வைத்திருக்கிறவன். நான் எழுதும் இசைத்தட்டு விமர்சனங்களைத் தன் இணையதளத்தில் போடுகிறவனும் அவன்தான்.

"அண்ணா, நீலத்தட்டு விமர்சனம் காலையிலயே ஏத்திட்டேன். ஜனங்க படிச்சுக்கிட்டு இருக்காங்க. ஒரு சின்ன சந்தேகங்கண்ணா."

"ம்."

"கிணத்துக்குள்ள இருந்து ஒரு வயசான ஆம்பளை பாடற மாதிரி இருக்குதுன்னு எழுதியிருக்கீங்க."

"ம்."

"அந்த ஆல்பத்துல ஆம்பளையே பாடலைங்கண்ணா. பாடினது ஒரு பொண்ணு. சின்ன வயசு. எனக்கும் ஒரு காப்பி இன்னிக்கு வந்துச்சு, உள்ள வெச்ச காகிதத்துல போட்டிருக்குது, இப்பத்தான் படிச்சேன்."

பல்லிடுக்கிலிருந்த கம்பி கீழே விழுந்தது. மண்டபத்து வாட்ச்மேன் அண்ணாந்து பார்த்தார். "யோவ் செட்டு, கம்பி விழுந்தா எடுத்துக் குடுப்பேன். நீ விழுந்தா என்னால எடுக்க முடியாது" என்றார்.

கோபி போனில் மெதுவாகக் கேட்டான். "அண்ணா, அது நாப்பத்தஞ்சுல ஓட வேண்டிய தட்டு. நீங்க எதுல போட்டீங்க?"

நான் ஏணியிலிருந்து இறங்க ஆரம்பித்தேன்.

தட்டு பார்த்திராதவர்களுக்காக ஒரு வார்த்தை. பெரிய இசைத்தட்டு நிமிஷத்துக்கு முப்பத்திமூன்று சுற்றுச் சுற்றும். பெரும்பாலும் அப்படித்தான். சில தட்டுகளை மட்டும் சத்தம் இன்னும் துல்லியமாக வரட்டும் என்று நாற்பத்தைந்து சுற்றுக்குத் தயாரிப்பார்கள். அதை முப்பத்திமூன்றில் ஓட்டினால் எல்லாமே மந்தமாகும். டிரம்ஸ் யானை நடக்கிற மாதிரி கேட்கும். தாழ்ந்த குரலில் பாடுகிற பெண் ஆணாகிவிடுவாள்.

நான் ஒரு பெண்ணை நாற்பது நிமிஷத்துக்கு மேல் ஆணாகக் கேட்டு, உருகி, மூன்று பக்கம் எழுதியிருந்தேன்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை தருமபுரியில் ஒரு கூட்டம். மாதம் ஒருமுறை இசைப்பித்துப் பிடித்த முப்பது பேர் கூடி ஒரு ஆல்பத்தை முழுதாகக் கேட்பார்கள். அந்த மாதம் நீலத்தட்டு. அதை எல்லோருக்கும் போட்டுக் காட்டிப் பேச வேண்டியவன் நான். மூன்று வருஷமாக மாட்டேன் என்று சொல்லிவிட்டு, முதல்முறையாகச் சரி என்றிருந்தேன்.

நடுவில் நாலு நாள் இருந்தது.

பாட்டு முடியவே இல்லை

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். மைக் செட் கட்டுகிறவனுக்குப் புரோகிரசிவ் ராக் என்கிற இந்த மேற்கத்திய இசை எங்கிருந்து வந்து ஒட்டிக்கொண்டது என்று இந்தத் தொடரைப் படிக்கிற சிலர் கேட்டிருந்தார்கள்.

அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு டிரான்ஸ்பார்மர் வாங்க பெங்களூரில் பழைய சாமான் விற்கிற சந்தைக்குப் போயிருந்தேன். கடைக்காரர் ஒரு பழைய ஆம்ப் வேலை செய்கிறது என்று காட்டுவதற்காகக் கைக்குக் கிடைத்த கேசட்டைப் போட்டார்.

ஆர்கன் சத்தம். எங்கள் மாதா கோயிலில் பூசைக்கு வாசிக்கிற ஆர்கன் மாதிரியே ஆரம்பித்தது. மாதா பாட்டு என்று நினைத்தேன். அடுத்த நிமிஷம் அந்த ஆர்கனை யாரோ மாடிப்படியில் உருட்டிவிட்டார்கள். டிரம்ஸ் பின்னாலேயே துரத்திக்கொண்டு ஓடியது. எனக்குத் தெரிந்து ஒரு பாட்டு நாலு நிமிஷம், மிஞ்சிப்போனால் ஆறு நிமிஷம். இது முடியவில்லை. முடிந்துவிட்டது என்று நினைத்த இடத்தில் ஒரு புல்லாங்குழல் வந்தது. அதுவும் போய், பேச்சுக்குரல் மாதிரி ஏதோ வந்தது. பிறகு மறுபடியும் அந்த ஆர்கன், இந்த முறை கோபமாக.

கடைக்காரர் நிறுத்தக் கையை நீட்டினார்.

"நிறுத்தாதீங்க" என்றேன்.

அதுவரை முன்பின் தெரியாத ஆளிடம் நானாகப் பேசிய முதல் பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன்.

"ஆம்ப் வேணுமா, வேணாமா?"

"கேசட்."

அவர் சிரித்தபடி கன்னடம் கலந்த தமிழில் சொன்னார். "இங்கிலீஷுப்பா இது. உனக்குப் புரியாது."

அந்த வார்த்தை எனக்குப் புதிதல்ல. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். வங்கியில், ஆஸ்பத்திரியில், கரண்ட் ஆபீசில், எங்கே வாய் திறந்தாலும் அதைச் சொல்ல ஒரு ஆள் உண்டு. அதனால்தான் வாய் திறப்பதையே குறைத்துக்கொண்டேன். என் மைக்கில் என் குரலை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். மற்ற செட்காரர்கள் "அலோ, அலோ, மைக் டெஸ்டிங்" என்பார்கள். நான் விரலால் இரண்டு தட்டுத் தட்டிப் பார்ப்பதோடு சரி.

கேசட்டை வாங்கிக்கொண்டு வந்தேன். டிரான்ஸ்பார்மரை மறந்துவிட்டேன்.

தூக்கிட்டுப் போன அடி

பிறகு கேசட் நூறாயிற்று, குறுந்தகடு வந்தது, போனது, தட்டு திரும்பி வந்தது. இந்தக் காலத்தில் பழைய ஆல்பங்களை எல்லாம் மறுபடியும் தட்டாகப் போடுகிறார்கள். புது ஆட்களும் போடுகிறார்கள். பெங்களூரிலிருந்து கூரியரில் எனக்கே விமர்சனத்துக்கு அனுப்புகிறார்கள். கூரியர் பையன் கையெழுத்து வாங்கும்போது, "உள்ள என்னங்க, தோசைக்கல்லா?" என்று கேட்பான்.

நான் எழுதுகிற விதத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு ஆல்பத்தை மூன்று தரம் கேட்பேன். முதல் தரம் ஏதாவது ஆம்ப்பைப் பிரித்து ஈயம் பற்றவைத்துக்கொண்டே கேட்பேன். எந்த இடத்தில் என் கை தானாக நிற்கிறதோ அந்த இடத்தைக் குறித்துக்கொள்வேன். இரண்டாம் தரம் கண்ணை மூடி ஹெட்போனில். மூன்றாம் தரம் குழாய் ஸ்பீக்கரில், வீட்டுக்குப் பின்னால், தக்காளித் தோட்டத்தைப் பார்த்துத் திருப்பி வைத்து. குழாயில் கும்மென்ற பாஸ் சத்தம் வராது, மினுக்கு வராது. உள்ளே இருக்கிற ராகம் மட்டும் எலும்பாக வரும். அதிலும் நன்றாக இருந்தால் அந்த ஆல்பம் நிற்கும்.

இந்த இசையில் தாளம் நேராகப் போகாது. அதை எப்படி எழுதுவது என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவர் பம்பை மேளம் அடிக்கிற ஒருவர். மாரியம்மன் திருவிழாவில் எங்கள் செட். இடைவேளையில் ஒரு கேசட்டைச் சன்னமாகப் போட்டிருந்தேன். அவர் டீ குடித்தபடி தொடையில் தட்டிப் பார்த்தார். ஒன்று, இரண்டு என்று ஏழு வரை வந்தார். திரும்பத் தட்டினார். மறுபடியும் ஏழு.

"யாருய்யா இது? எட்டாவது அடியை எவனோ தூக்கிட்டுப் போயிட்டான்" என்றார்.

அன்றிலிருந்து என் விமர்சனங்களில் அதற்கு 'தூக்கிட்டுப் போன அடி' என்றுதான் பெயர். படிக்கிறவர்களுக்கும் பழகிவிட்டது.

பரிசோதனை இசை என்று ஒன்று உண்டு. அதையும் எழுதுவேன். ஒரு முறை வந்த தட்டில் அரை மணி நேரத்துக்கு ஒரே உறுமல். என் மனைவி மேரி சமையலறைக்குப் போய் பிரிட்ஜைத் திறந்து பார்த்துவிட்டு வந்தாள். அந்த விமர்சனத்தை அப்படியே ஆரம்பித்தேன். கோபிக்கு இன்றும் அதுதான் பிடித்த விமர்சனம்.

தட்டில் ஒட்டியிருக்கும் இங்கிலீஷை எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். உள்ளே வருகிற நீளமான குறிப்புகளைப் போட்டோ எடுத்து அனுப்பினால், கோபி படித்துத் தமிழில் சொல்வான். அது கிடைத்த பிறகுதான் எழுதுவது வழக்கம்.

நீலத்தட்டுக்கு மட்டும் நான் காத்திருக்கவில்லை.

அவசரம்

நீலத்தட்டு என்பது நான் வைத்த பெயர். தட்டே நீலமாக இருக்கும், ராத்திரியில் பூச்சி பிடிக்கிற விளக்கு மாதிரி. எங்கோ குளிர் தேசத்தில் நாலு பேர் சேர்ந்து, மூடிக்கிடந்த மாவு மில்லில் பதிவு செய்தது. பல வருஷம் யாருக்கும் கிடைக்காமல் இருந்து இப்போது மறுபடி வந்திருக்கிறது. இரண்டு தட்டு. ஒரே தட்டில் அடங்கக்கூடியதை ஏன் இரண்டாகப் போட்டார்கள் என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். வேகமாகச் சுற்றுகிற தட்டுக்கு இடம் அதிகம் தேவை. இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை.

யோசிக்கவில்லை. முள்ளை வைத்த மறுகணமே விழுந்துவிட்டேன். அத்தனை கனம். முழு லோடு லாரி தொப்பூர் கணவாயில் முதல் கியரில் ஏறுகிற மாதிரி, ஒவ்வொரு அடியும் மலையை இழுத்துக்கொண்டு வந்தது. 'இந்த இசைக்கு எங்கும் போய்ச் சேர அவசரமில்லை' என்று எழுதினேன். அதை எழுதிய எனக்குத்தான் அவசரம். மூன்று தரம் கேட்டு, ஒரே மூச்சில் எழுதி, போட்டோ எடுத்துக் கோபிக்கு அனுப்பிவிட்டேன். உள்குறிப்பை அனுப்பவில்லை.

இன்னொன்றும் உண்டு. என் பிளேயரில் வேகம் மாற்றுகிற வசதியே கிடையாது. மோட்டார் எரிந்துபோய், முப்பத்திமூன்றில் மட்டும் சுற்றுகிற ஒரு மோட்டாரை நானே பொருத்தியிருந்தேன். வந்த தட்டெல்லாம் முப்பத்திமூன்றாகவே இருந்ததால் அது போதும் என்று விட்டுவிட்டேன்.

மண்டபத்திலிருந்து வீட்டுக்கு வந்ததும் நேராகத் தட்டை எடுத்துப் பார்த்தேன். நடு வட்டத்தில் வேகம் போடவில்லை. உறையிலும் இல்லை. எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

"மேரி, இது மேல ஒரு பிளாஸ்டிக் கவர் இருந்துச்சே?"

"நல்லா கெட்டியா இருந்துச்சுன்னு வெட்டி ரேஷன் கார்டுக்குப் போட்டேன். ஏன்?"

ரேஷன் கார்டை எடுத்தேன். பிளாஸ்டிக்கின் ஓரத்தில் வட்டமாக ஒரு ஸ்டிக்கர். அதில் கட்டைவிரல் அளவுக்கு எண். நாற்பத்தைந்து. எண் படிக்க இங்கிலீஷ் வேண்டாம்.

அப்போதுதான் அந்த மாலை ஞாபகம் வந்தது. முதல் தரம் ஓடிக்கொண்டிருந்தபோது மேரி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "என்னங்க இது, பேட்டரி தீந்துபோன ரேடியோ மாதிரி இழுக்குது? உங்க மிஷின்ல கோளாறா பாருங்க."

நான் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னேன்.

"இது அப்படித்தான். உனக்குப் புரியாது."

ரேஷன் கார்டை இருந்த இடத்தில் வைத்தேன். எனக்கு உடம்பு சரியில்லை, ஞாயிற்றுக்கிழமை வரமாட்டேன் என்று கோபிக்குச் சொல்லிவிடலாம் என்றுதான் போனை எடுத்தேன். விமர்சனத்தைத் தூக்கிவிடச் சொல்லலாம். எழுதுவதையே விட்டுவிடலாம். யாரும் தேடப்போவதில்லை.

ஆனால் நான் ஒளிந்துகொண்டால் மேரியிடம் நான் சொன்னதுதான் நிற்கும். அவள் சரியாகக் கேட்டாள் என்று யாருக்கும் தெரியாமலே போய்விடும். என்னிடம் அந்த வார்த்தையைச் சொன்னவர்கள் ஒருவர்கூடத் திரும்பி வந்து அதை மாற்றிச் சொன்னதில்லை.

போனை அழுத்தினேன். "கோபி, ஞாயிற்றுக்கிழமை உன் பிளேயரைக் கொண்டுவா. ரெண்டு வேகமும் ஓடணும்."

"அண்ணா, சரியான வேகத்துல போன்ல ரெக்கார்டு பண்ணி அனுப்பட்டுமா? கேட்டுட்டு வந்துடுங்க."

"வேணாம். அங்கயே கேக்கறேன்."

முப்பது பேர்

கூட்டம் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டின் மாடியில். மேரியும் வந்திருந்தாள், தருமபுரியில் துணி எடுக்க வேண்டும் என்று. கடைசி வரிசையில் மின்விசிறிக்குக் கீழே இடம்பிடித்து உட்கார்ந்துகொண்டாள்.

மைக்கைக் கோபி நீட்டினான். பழக்கத்தில் விரலால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத் திருப்பிக் கொடுக்கப் போனேன். எல்லோரும் சிரித்தார்கள். மைக்கை வாய்க்கு நேராகப் பிடித்தேன்.

"நான் எழுதுனது தப்புங்க" என்றேன்.

என் குரல் ஸ்பீக்கரில் அப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. கொஞ்சம் சின்னக் குரல். பயந்த மாதிரிதான் இருந்தது, ஆனால் தெளிவாக இருந்தது. நடந்ததை வரிசையாகச் சொன்னேன். மோட்டார், அவசரம், ரேஷன் கார்டு. பிறகு மேரி சொன்னதையும் அதற்கு நான் சொன்னதையும் சொன்னேன். தலைகள் பின்பக்கம் திரும்பின. மேரி சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு சுவரைப் பார்த்தாள்.

இரண்டாவது வரிசையில் தாடி வைத்த ஒருவர் கை தூக்கினார். "அப்ப இதுக்கு முந்தி எழுதுனதெல்லாம் எந்த வேகம் சார்?"

கூட்டம் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"கோபி நேத்து பூரா ஒண்ணொண்ணா சரிபார்த்தாருங்க. மத்ததெல்லாம் சரியான வேகந்தான். ஆனா நீங்க சந்தேகப்படறது நியாயம். நான்கூட ராத்திரி பூரா அதைத்தான் நினைச்சுக்கிட்டு இருந்தேன்."

முதலில் முப்பத்திமூன்றில் இரண்டு நிமிஷம் ஓட்டினேன். நான் எழுதிய லாரி, கணவாய், கிழவன் எல்லாம் வந்தது. "நல்லாத்தான்யா இருக்குது" என்று யாரோ சொன்னார்கள். முள்ளைத் தூக்கினேன். வேகத்தை மாற்றினேன். அந்த அறையில் எல்லோரையும் போல நானும் அதை முதல்முறையாகக் கேட்கப் போகிறேன்.

முள் இறங்கியது.

ஐயோ, அது லாரியே இல்லை. சித்தேரி மலைப் பஸ், ஒவ்வொரு வளைவிலும் ஆரன் அடித்துக்கொண்டு கீழே இறங்கியது. யானை என்று நான் நினைத்த டிரம்ஸ் முழுக்க முயல்களாகச் சிதறி ஓடியது. ஏழில் போகிறது, திடீரென்று ஐந்தில் குறைகிறது, திரும்ப ஏழு. அந்த வேகத்தில் அடியை எண்ண என் விரல் போதவில்லை. அதற்கு மேலே அவள் குரல். கிணற்றுக்குள்ளிருந்து அல்ல. மில்லின் தகரக் கூரைக்கு அடியில் நின்று, எதிரொலி திரும்பி வருவதற்குள் அடுத்த வரியைப் பிடித்துக்கொண்டு பாடுகிற ஒரு பெண். எழுந்து நின்றுவிட்டேன். தாடிக்காரரும் நின்றிருந்தார். நான் மைக்கை இன்னும் கையில் பிடித்திருந்தேன், அது அணைக்கப்படவில்லை. "அய்யய்யோ, பாருங்க, பாருங்க, இந்த இடம்" என்று நான் சொன்னது அத்தனையும் ஸ்பீக்கரில் போயிருக்கிறது. கோபிதான் பிறகு சொன்னான்.

இரண்டாவது தட்டு முடிந்ததும் பழைய விமர்சனத்தை எடுத்துவிடட்டுமா என்று கோபி கேட்டான். வேண்டாம், அதற்குக் கீழே தப்பை எழுதிப் போடு, அதற்கும் கீழே புதிதாக எழுதித் தருகிறேன் என்றேன். முப்பத்திமூன்றில் ஓடிய அந்தக் கனமான ஆல்பம் எங்கும் இல்லாத ஆல்பம்தான், ஆனால் நான் கேட்டது உண்மை.

மைக் இல்லாமல்

மாலை ஐந்தரைக்குப் பஸ் ஏறினோம். எனக்குள் அந்த டிரம்ஸ் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மேரி ஜன்னல் ஓரம். மடியில் துணிப் பை. புலிக்கரை தாண்டியதும் கேட்டாள்.

"அத்தனை பேர் முன்னாடி என் பேரை எதுக்கு இழுத்தீங்க?"

"உண்மை அதுதான மேரி."

"உண்மைதான். அதை எங்கிட்ட எப்பச் சொன்னீங்க?"

கையிலிருந்த டிக்கெட்டை மடித்தேன்.

"நாலு நாள் ஒரே வூட்டுலதான் இருந்தோம். எதிர்ல எதிர்ல உக்காந்து சோறு தின்னோம். ஒரு வார்த்தை வரலை. முப்பது பேரைக் கூட்டி மைக்கைக் கையில குடுத்தாத்தான் எங்கிட்டப் பேச வருமா உங்களுக்கு?"

முன் சீட்டுப் பெண் திரும்பிப் பார்த்தாள். கண்டக்டர் பக்கத்தில் வந்து நின்று, கொஞ்சம் கேட்டுவிட்டுப் போனார்.

அந்த மாடியில் பேசியதைவிட இது கஷ்டமாக இருந்தது. பாலக்கோடு பஸ் நிலையத்தில் வண்டி நின்றது. கொத்தமல்லிக் கட்டோடு இரண்டு பேர் ஏறினார்கள், பஸ் முழுக்க வாசம். மறுபடி கிளம்பியது. இன்ஜின் சத்தம் மூன்றாவது கியருக்கு வரும்வரை காத்திருந்தேன்.

"மேரி. அன்னிக்கு உனக்குப் புரியாதுன்னு சொன்னேன்ல. தப்பு. எனக்குத்தான் புரியலை."

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். "ம்" என்றாள். அப்புறம் முழுசாக என் பக்கம் திரும்பினாள்.

"ரெண்டாவது தட்டுல, கடைசியில எல்லா வாத்தியமும் நின்னுபோயி அவ மட்டும் இருக்கறால்ல. அங்க அந்தப் பொண்ணு அழுவறாளா, சிரிக்கிறாளா?"

"அழுவறா."

"இல்லைங்க. சிரிக்கிறா. மூச்சை எங்க வாங்கறான்னு கவனிச்சீங்களா நீங்க?"

கவனிக்கவில்லை. அதை ஒப்புக்கொள்ளாமல் வாதாடினேன். அவளும் விடவில்லை. மாரண்டஹள்ளி வந்து இறங்கி வீட்டுக்கு நடந்தபோதும், சோற்றுக்கு உலை வைத்தபோதும் அதே பேச்சுத்தான். அடுத்த வாரமே மோட்டாரை மாற்றினேன். போட்டுப் பார்த்தோம். எனக்கு அழுகை, அவளுக்குச் சிரிப்பு. இன்று வரை அப்படியேதான் இருக்கிறது.

புது விமர்சனத்தில் இரண்டையும் எழுதினேன். கீழே இரண்டு பேர் பெயரையும் போடலாமா என்று அவளிடம் கேட்டேன்.

"என் பேரை மொதல்ல போடுங்க" என்றாள்.